சீசன் முடிந்தும் போகாதவர்கள்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நேரம் தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கியிருக்கும். குற்றாலத்தில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் இடையே வேன்கள் நகர முடியாமல் நிற்கும். பிரானூர் பார்டரில் புரோட்டாக் கல் ஆறாது. பொதிகை எக்ஸ்பிரஸில் வார இறுதிக்குப் படுக்கை கேட்டால் சிரிப்பார்கள். ஆகஸ்ட் தாண்டினால் எல்லாம் அடங்கும். வந்தவர்கள் ஈரத் துண்டைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். இந்த மாதம் நான் எழுத நினைப்பது அவர்களைப் பற்றி அல்ல. சீசன் முடிந்தும் போகாமல், மாடி அறையில் லேப்டாப்பும் காதில் ஹெட்போனுமாக அங்கேயே இருந்துவிட்டவர்களைப் பற்றி.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது சென்னையிலும் பெங்களூரிலும் அறையைப் பூட்டிவிட்டு வந்தவர்கள், "ரெண்டு வாரம்தான்" என்று சொல்லித்தான் வந்தார்கள். ரெண்டு வாரம் ரெண்டு வருஷமாக நீண்டது. பிறகு நிறுவனங்கள் திரும்ப அழைத்தன, பலர் போனார்கள். சிலரை யாரும் அழைக்கவில்லை. சிலர் அழைத்தும் போகவில்லை; சுரண்டையிலிருந்தோ இலஞ்சியிலிருந்தோ செய்யலாம் என்கிற வேலையாகத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள். இவர்களில் நம் வாசகர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து கடிதங்கள் வருகின்றன. காற்றைப் பற்றியும் அம்மா கைச் சோற்றைப் பற்றியும் எழுதுகிறார்கள். ஆனால் நான்கு பத்தி தாண்டியதும், ஏறத்தாழ எல்லாரும் வேறு வேறு விதமாக ஒன்றையே சொல்கிறார்கள்: ஊரில்தான் இருக்கிறேன், ஊரோடு இல்லை.

தென்காசி என்றதும் உங்களில் பலருக்கு மத்தளம்பாறை நினைவுக்கு வந்திருக்கும். ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-இல் அங்கே அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-இல் அமெரிக்காவை விட்டு அந்தப் பக்கமே குடிவந்தார். அவர் வேட்டி சட்டையில் சைக்கிள் மிதிக்கும் படத்தைப் பார்க்காதவர் குறைவு. அது அலுவலகமே கிராமத்துக்கு வந்த கதை. அங்கே பக்கத்து நாற்காலி உண்டு, டீ குடிக்கக் கூட ஆள் உண்டு, இன்னார் இங்கே வேலை பார்க்கிறார் என்று சொல்ல வாசலில் ஒரு பெயர்ப்பலகையும் உண்டு. அரசும் 2024-இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று சிறிய டைடல் பூங்காக்களைத் திறந்தது. நல்லதுதான். நான் சொல்ல வருவது பெயர்ப்பலகை இல்லாதவர்களைப் பற்றி. முதலாளி ஒரு நாட்டில், உடன் வேலை பார்ப்பவர் வேறொரு நாட்டில், அலுவலகம் என்பது அம்மா நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையில்.

வெளியூர் வருமானம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கடையநல்லூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூர் போனவர்கள். வளைகுடாவுக்குப் போனவர்கள், பம்பாயில் கடை போட்டவர்கள், அதற்கும் முன்னால் கொழும்புக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் என்று வீட்டுக்கு வீடு கதை இருக்கிறது. அப்போதெல்லாம் ஆள் போனான், பணம் வந்தது. மணியார்டர் வந்த நாளில் தபால்காரருக்கு மோர் கிடைத்தது. இப்போது ஆள் இங்கேயே இருக்கிறான், பணமும் வருகிறது. போவது அவனுடைய நேரம் மட்டும். நேரம் போவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். கொழும்புக்குப் போனவனை ஊர் "போனவன்" என்று கணக்கு வைத்துக்கொண்டது. அவன் கல்யாணத்துக்கு வராவிட்டால் கோபித்துக்கொள்ளவில்லை. மாடியில் இருக்கிறவனை அப்படி விட முடியுமா?

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி பின்னே இழுப்பார்கள். எட்டரை மணி மீட்டிங் ஏழரைக்கு வரும், பிறகு எட்டரைக்கே போகும். பாவூர்சத்திரத்தில் ஒரு அம்மாவுக்கு அமெரிக்காவில் யார் ஜனாதிபதி என்று தெரியாமல் இருக்கலாம். பையன் சாப்பிடுகிற நேரம் வருஷத்துக்கு இரண்டு தடவை மாறும் என்பது நன்றாகத் தெரியும். கலிஃபோர்னியா என்றால் இன்னும் மோசம், பகலும் இரவும் தலைகீழ். லண்டன்காரர்களிடம் வேலை பார்ப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்; நாலரை மணியோ ஐந்தரை மணியோதான். மத்தியானம் ஆரம்பித்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் படுத்துவிடலாம்.

நம் குடியரசு தினம் அமெரிக்கர்களுக்கு விடுமுறை இல்லை. அவர்களுடைய நன்றி தெரிவிக்கும் நாளில் இங்கே வேலை பார்ப்பவர் விழித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மொட்டை மாடியில் நடக்கிறார். சொந்தத் தெருவிலேயே ஒருவர் வெளிநாட்டுக்காரராக வாழ முடியும் என்று எனக்குப் புரியவைத்தது இந்தக் கடிதங்கள்தான். பாஸ்போர்ட்டும் வேண்டாம், விமானமும் வேண்டாம். கடிகாரம் ஒன்று போதும்.

இனி மின்சாரம். "மாதாந்திர பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல்" என்று செய்தித்தாளில் வரும் பெட்டிச் செய்தியை நகரத்தில் யாரும் படிப்பதில்லை. சிறு நகரத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் ராசிபலனுக்கு முன்னால் அதைத்தான் படிக்கிறார். எந்தத் துணை மின்நிலையம், எந்தெந்த ஊர், எப்போது திரும்ப வரும் என்பது அவருக்கு மனப்பாடம். இன்வெர்ட்டர் ரௌட்டரைத் தாங்கும், மிக்ஸியைத் தாங்காது. அதனால் அன்றைக்குச் சட்னி கிடையாது. ஐப்பசியில் இடி இடித்தால் முதலில் பிடுங்க வேண்டியது ரௌட்டரின் வயரை. ஒரு தடவை எரிந்த பிறகு எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள்.

இணையம் மோசம் என்று நகரத்தில் நினைக்கிறார்கள். அது பழைய கதை. ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் கொடுத்தது. அது எந்த வேகத்தில் நடந்தது என்பதைப் பற்றி நான் எழுதினால் இந்தப் பக்கம் போதாது. ஆனால் அதற்குக் காத்திராமல், டிவிக்குக் கேபிள் கொடுத்துக்கொண்டிருந்த உள்ளூர் அண்ணன்களே இணையத்துக்கும் வயர் இழுத்துவிட்டார்கள். லாரி இடித்து வயர் அறுந்தால் நகரத்தில் புகார் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இங்கே அண்ணனுக்கு போன் அடித்தால் "வாரேன்" என்பார், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தும்விடுவார். அவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் போயிருந்தால் இன்னும் சீக்கிரம் வருவார். சிறு நகரத்தில் வசதி என்பது ஆட்களின் வழியாக வருவது. சம்பளம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைக்கிறது.

"தம்பி வேலைக்குப் போவலியா?" இந்தக் கேள்வியைப் பற்றி எழுதாத கடிதமே இல்லை. பகல் பதினோரு மணிக்குப் பல் துலக்கிக்கொண்டு திண்ணையில் நிற்கும் முப்பது வயது ஆளைப் பார்த்து ஒரு பெரியவர் வேறென்ன கேட்பார்? விளக்கினால் ஒரு மாதம் தாங்கும். அடுத்த மாதம் அதே கேள்வி, இன்னும் கனிவாக: "ஒண்ணும் கெடைக்கலியோ?" பெண் பார்க்கப் போன இடத்தில், கம்பெனியின் பெயரைக் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் எங்க இருக்கு? அங்க போயி ஒரு தடவ விசாரிச்சுட்டு வாரோம்" என்று சொன்னவர்களையும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்த ஆபீஸ் எஸ்தோனியாவில் இருக்கிறது. கடைசியில் அந்தக் கல்யாணம் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமனார் வங்கிக் கணக்கின் ஆறு மாத வரவைப் பார்த்துத்தான் சம்மதித்தாராம்.

ஆண்களின் சங்கடம் சிரிப்போடு முடிகிறது. பெண்களின் கடிதங்கள் அப்படி முடிவதில்லை. புகுந்த வீட்டில் இருந்துகொண்டு வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு "வீட்லதானே இருக்கே" என்பது நாள் முழுக்கக் காதில் விழும் வாக்கியம். கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்கலாம், மாமாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கலாம், பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவரலாம், வந்த விருந்தாளிக்குக் காபி போடலாம். அலுவலகத்துக்குப் பேருந்து ஏறிப் போன காலத்தில் எட்டு மணி நேரம் அவளுடையதாக இருந்தது. இப்போது கதவு மூடிய அறைக்குள் மீட்டிங்கில் இருக்கிறவளை யாரும் கூப்பிடலாம். இதில் பெரும்பாலும் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வேலையை வேலையாக நினைக்கப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பழக்கமில்லை என்று சொல்வதிலும் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. இதே வீட்டில் மகன் ஹெட்போன் மாட்டினால் எல்லாரும் விரல் நுனியில் நடக்கிறார்களே!

இப்படிக் கடிதம் எழுதிய ஒரு தோழி தான் கண்ட தீர்வையும் எழுதியிருந்தார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சின்ன அறை வாடகைக்கு எடுத்தார். காலையில் டிபன் பாக்ஸோடு புறப்பட்டுப் போய், சாயங்காலம் திரும்பி வருகிறார். வேலை அதேதான், லேப்டாப்பும் அதேதான். ஆனால் வாசற்படி இறங்கிப் போனதும் மரியாதை வந்துவிட்டது.

சொந்த ஊர் இல்லாதவர்களுக்கு வேறு கதை. மலையும் அருவியும் பிடித்துப்போய், இந்தப் பக்கம் யாரையும் தெரியாமல் வந்து வீடு தேடுகிறவர்கள் இப்போது உண்டு. வீட்டுக்காரர் முதலில் கேட்பது "எந்த ஊரு?" சொன்னதும், "அங்க எந்தத் தெரு?" தெருவின் பெயரில் என்ன விசாரிக்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். நகரம் இதில் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே இதே கேள்வி "சைவமா அசைவமா" என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ஆனால் சின்ன ஊரின் அமைதியைப் பற்றிப் படம் போட்டு எழுதுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த அமைதி எல்லாருக்கும் ஒரே வாடகைக்குக் கிடைப்பதில்லை. வாடகை என்றதும் இன்னொன்று: நகரத்துச் சம்பளக்காரர் பேரம் பேசாமல் கொடுக்கும் தொகை, அடுத்த மாதம் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் செவிலியருக்கும் கூடுகிறது. அந்தச் செவிலியர் எங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை.

அம்மன் கோவில் கொடை நாளில்தான் இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும். கொடை என்றால் நெல்லைச் சீமைக்கு வெளியே இருப்பவர்களுக்கு: ஆண்டுக்கு ஒரு முறை கோவிலுக்கு எடுக்கும் விழா, வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், நள்ளிரவில் சாமக்கொடை. தென்னைமர உயரத்தில் ரேடியோ செட் கட்டுவார்கள். சாமக்கொடை நேரம் நியூயார்க்கில் மத்தியானம் இரண்டரை. மீட்டிங் உச்சத்தில் இருக்கும். மைக்கை அணைத்து வைத்துவிட்டு, தன் முறை வரும்போது மட்டும் திறந்து, பின்னணியில் உடுக்கைச் சத்தத்தோடு காலாண்டு அறிக்கை வாசித்த கதையை ஒரு தம்பி எழுதியிருந்தார். அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஏதோ இசைக் கச்சேரி என்று நினைத்துக்கொண்டு பாராட்டினார்களாம்.

அதைவிட முக்கியம் வரி. கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு என்பது பல ஊர்களில் வழக்கம். வெளியூரில் இருப்பவர் பணம் அனுப்பிவிடுவார், பெயர் நோட்டில் ஏறிவிடும். மாடியில் இருப்பவரும் இப்போது அதையே செய்கிறார்: ஜிபேயில் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். பந்தல்காரரோடு நிற்க, அரிசி மூட்டை இறக்க, பந்தியில் சாம்பார் வாளி தூக்க ஆள் இல்லை. "ஐயாயிரம் அனுப்புனான், ஆள அனுப்பலியே" என்று சொன்ன பெரியவரைப் பற்றி அந்தத் தம்பியே எழுதியிருந்தார், கொஞ்சம் வருத்தத்தோடு. தலைக்கட்டுக் கணக்கில் பெண்களுக்கு இடமில்லை, ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு கோவில் என்பதையெல்லாம் மறந்துவிட்டு நான் இதைப் புகழவில்லை. ஆனால் பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்த ஊர்களுக்கு வெளியிலிருந்து பணம் வந்து பல தலைமுறை ஆகிறது. ஆள் அகப்படுவதுதான் அபூர்வம்.

அப்படி ஆளாக அகப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்த ஒருவர், கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் வர எத்தனை தடவை யாரிடம் போக வேண்டும் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அடுத்த இதழில் அதைத் தனிக் கட்டுரையாகவே வெளியிடுகிறோம். இன்னொருவர் கிராம சபைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். தமிழ்நாட்டில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை. பெரும்பாலும் காலை வேளையில் நடக்கும், அதாவது இரவு வேலை முடித்தவர் ஆழ்ந்து தூங்கும் நேரத்தில். அவர் அலாரம் வைத்து எழுந்து போனார். முதல் தடவை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் தடவை வரவு செலவுக் கணக்கில் ஒரு கேள்வி கேட்டார். அதன்பிறகு "வேலைக்குப் போவலியா" நின்றுபோய், "அடுத்த சபைக்கு வருவீயளா?" என்று கேட்கிறார்களாம். சிலர் ஆவலாக, சிலர் கவலையாக. பேரூராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இல்லை. அவர்கள் வார்டு உறுப்பினரைத் தேடிப் போகலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இன்னும் பெங்களூரில் இருந்தால், இடமாற்றத்துக்குப் படிவம் 8 இருக்கிறது.

ஊர் தன் பங்குக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது எனக்கு ஜப்பானின் கமியாமா நினைவுக்கு வருகிறது. ஷிகோகு தீவில், டோகுஷிமா மாகாணத்து மலைக்குள் ஒரு சிற்றூர். 1950-களில் சுமார் 21,000 பேர் இருந்த இடத்தில் இன்று 5,000 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அங்கே அதிவேக இணையம் வந்த கதையே வேடிக்கையானது. டோகுஷிமாக்காரர்கள் ஒசாகாவிலிருந்து கடல் தாண்டிவரும் அலைவரிசைகளைப் பார்த்துப் பழகியவர்கள். 2011-இல் அனலாக் ஒளிபரப்பு நின்றால் அவை வராது. பாட்டிகளின் டிவி இருண்டுவிடக் கூடாதே என்று மாகாண அரசு மலைமேடெல்லாம் கண்ணாடி இழைக் கேபிள் போட்டது. 2010-இல் சான்சான் என்கிற டோக்கியோ நிறுவனம் அங்கே ஒரு பழைய வீட்டைக் கிளை அலுவலகமாக்கியது. ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு லேப்டாப்பில் வேலை பார்க்கும் இளைஞரைத் தொலைக்காட்சியில் காட்டியதும் ஊர் பிரபலமாகிவிட்டது. 2011-ஆம் ஆண்டு, வெளியேறியவர்களைவிடக் குடிவந்தவர்கள் அங்கே முதன்முதலாக அதிகம்.

எனக்குப் பிடித்தது ஆற்றில் கால் நனைக்கும் படம் அல்ல. கிரீன் வேலி என்கிற உள்ளூர் அமைப்பு செய்த காரியம்தான். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எடுத்துக்கொண்டு, இந்த வீட்டுக்கு ரொட்டி சுடத் தெரிந்தவர் வேண்டும், அந்த வீட்டுக்கு இணையதள வடிவமைப்பாளர் வேண்டும் என்று தொழில் சொல்லி ஆள் அழைத்தது. வருகிறவர் ஊரைத் தேர்ந்தெடுப்பது இருக்கட்டும், ஊர் யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்கிற கேள்வியை அவர்கள் கேட்டார்கள். அதனால் மக்கள்தொகை சரிவு நின்றுவிடவில்லை. அதை அவர்களும் எதிர்பார்க்கவில்லை. வந்தவருக்கு ஊரில் என்ன வேலை என்பது மட்டும் முதல் நாளே தெளிவாக இருந்தது. 2023-இல் அங்கே தொழில்நுட்பம் கற்பிக்கும் புதிய உறைவிடக் கல்லூரி ஒன்றும் தொடங்கியிருக்கிறது. நம் ஊர்களில் பூட்டிய வீட்டுக்குப் பஞ்சமில்லை. "எங்களுக்கு ஒரு கணக்கு வாத்தியார் வேண்டும், இயன்முறை மருத்துவர் வேண்டும், வாங்க" என்று எந்த ஊராவது விளம்பரம் கொடுத்தால் நம் இதழில் இலவசமாக வெளியிடுகிறேன். தெருப் பெயர் கேட்காத ஊராக இருக்க வேண்டும்.

பத்திரிகைக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பல காலமாகத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களை நம்பித்தான் பிழைக்கிறோம். குற்றாலத்தில் இருந்துகொண்டு ரசிகமணி டி.கே.சி. எழுதிய கடிதங்கள் பின்னாளில் புத்தகங்களாயின. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே போனார்கள். கி. ராஜநாராயணன் இடைசெவலில் விவசாயம் பார்த்துக்கொண்டே சென்னைப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பினார். அவர் எழுதியது சென்னைக்குப் போனது. அதில் இருந்தது முழுக்க இடைசெவல். இன்றைக்கு மாடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் எழுதும் நிரலில் சுரண்டை இருக்க முடியாது. அவருடைய வேலை நேரத்துக்குள் ஊரைக் கொண்டுவர வழியில்லை. மிச்ச நேரத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த மிச்சம் எவ்வளவு சின்னது என்பதை உங்கள் கடிதங்கள் சொல்கின்றன. அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த இரண்டு இதழ்களில் இதற்கென்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். அருவிப் படம் வேண்டாம், நிறைய இருக்கிறது. எந்த ஊர், எந்த நாட்டுக் கடிகாரம், வீட்டில் எந்த அறை, பக்கத்து வீட்டில் என்ன சொல்கிறார்கள், போன கொடையில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். புகுந்த வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்கள் பெயர் இல்லாமலும் எழுதலாம். வாடகை கூடியதால் வீடு மாறியவர்கள் எழுதுங்கள். மாடியில் பிள்ளையை வைத்திருக்கும் அம்மா அப்பாக்கள் கட்டாயம் எழுதுங்கள். உங்கள் தரப்பை இதுவரை நாங்கள் பிள்ளைகள் வாயால்தான் கேட்டிருக்கிறோம். கையெழுத்துப் புரியாவிட்டால் பரவாயில்லை, படித்துவிடுவோம். கடிதங்கள் இம்மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்